விருப்ப நன்கொடையும் பெயர்ப் பட்டியலும்

பள்ளியிலிருந்து நன்கொடை கேட்டுக் கடிதம் வந்தால் நான் முதலில் தொகையைப் பார்ப்பதில்லை. கொடுக்க இயலாத பெற்றோரும் கொடுக்க விரும்பாத பெற்றோரும் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். பெரும்பாலான கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ‘விருப்ப நன்கொடை’ என்று தலைப்பில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழே ஒரு குறிப்பிட்ட தொகை, கடைசித் தேதி, மாணவரின் சேர்க்கை எண், வகுப்பு, பிரிவு ஆகியவற்றை நிரப்புவதற்கான கட்டங்கள் இருக்கும். தேதி தாண்டினால் நினைவூட்டல் கடிதமும் தவறாமல் வரும். கடைசித் தேதியும் நினைவூட்டலும் கடனுக்கும் கட்டணத்துக்கும் உரியவை. விருப்பத்தின் பேரில் கொடுப்பதற்கு அவை எதற்கு என்று கேட்டால் பள்ளி அலுவலகத்தில் யாரிடமும் தெளிவான பதில் கிடைக்காது.

என் பிள்ளைகள் இருவரும் படித்த பள்ளியில் முதலில் ஒரு சாதாரணப் பெற்றோராக இந்தக் கடிதங்களை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னர் பெற்றோர் குழுவின் பொருளாளராகப் பொறுப்பேற்று, இதே கடிதங்களை எழுதி அனுப்பும் வேலையையும் சில ஆண்டுகள் செய்தேன். பெறுபவராகவும் எழுதுபவராகவும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஒரு நன்கொடை உண்மையிலேயே விருப்பத்தின் பேரில் வருகிறதா என்பதைக் கடிதத்தின் சொற்கள் தீர்மானிப்பதில்லை. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் பள்ளிக்குள் எத்தனை பேருடைய கண்ணில் படுகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

முதலில் பள்ளியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்கொடை கேட்கும் பள்ளிகள் எல்லாம் பேராசை பிடித்தவை என்று பேசிவிடுவது எளிது. ஒரு பள்ளியின் வரவுசெலவில் பெரும்பங்கு ஊதியத்துக்கே போய்விடுகிறது. மின்சாரம், தண்ணீர், துப்புரவு, காப்பீடு, கட்டடப் பராமரிப்பு ஆகியவை எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சும் தொகையில்தான் நூலகத்துக்குப் புதிய புத்தகங்களும், ஆய்வகத்துக்கு வேதிப்பொருள்களும், பழுதான கணினிக்கு மாற்றும், விளையாட்டுப் பொருள்களும், கல்விச் சுற்றுலாவுக்கு வண்டியும் வந்தாக வேண்டும். மேலிருந்து வரும் நிதி தாமதமானாலோ குறைந்தாலோ தலைமையாசிரியரால் ஊதியத்தில் கைவைக்க முடியாது. இந்தச் சிறிய பகுதியில்தான் வெட்டு விழும். கணக்குப் பேரேட்டை முதன்முறையாகத் திறந்து பார்த்தபோது, பெற்றோர்கள் கொடுத்துவந்த தொகை பள்ளியின் மொத்தச் செலவில் மிகச் சிறியது என்பதும், ஆனால் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்கு வந்து ஆர்வத்தோடு சொல்லும் செய்திகளில் பாதிக்கு மேல் அந்தச் சிறிய தொகையிலிருந்து பிறந்தவை என்பதும் ஒருசேர விளங்கின. ஆகவே பெற்றோரிடம் நன்கொடையே கேட்கக் கூடாது என்று வாதிடுபவர்களோடு நான் சேரவில்லை. எப்படிக் கேட்பது, கேட்ட பிறகு எப்படி நடந்துகொள்வது என்பவற்றில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

இந்த வழக்கு எனக்கு மட்டும் உரியதன்று. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, தன் 13ஆவது உறுப்பில், தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் எல்லோருக்கும் இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐக்கிய நாடுகள் குழு 1999இல் வெளியிட்ட 11ஆவது பொதுக் கருத்துரையில் ‘இலவசம்’ என்பதன் பொருளை விளக்கும்போது, பெற்றோர்மீது விதிக்கப்படும் கட்டாய வசூல்கள் சில நேரங்களில் விருப்பத்தின் பேரிலானவை போலக் காட்டப்படுகின்றன, உண்மையில் அவை அப்படி இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எங்கோ ஒரு மாநாட்டு அறையில் அமர்ந்து சட்ட நுணுக்கம் பேசியவர்களுக்குக்கூட இந்தத் தந்திரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதைப் படித்தபோது, சொல்லப்போனால், எனக்குச் சிறிது ஆறுதலாகவே இருந்தது.

பட்டியல் எப்படிக் கசிகிறது என்பதைச் சொல்கிறேன். நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்பு எங்கள் பள்ளியில் நன்கொடை உறைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. பிள்ளை அதை வகுப்பாசிரியரிடம் கொடுக்கும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் போன்ற ஒரு தாளில் குறித்துக்கொள்வார். வார இறுதியில் இன்னும் கொண்டுவராதவர்களின் பெயர்களை வாசிப்பார். யாரையும் அவமானப்படுத்தும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. அலுவலகம் கேட்டதை அவர் செய்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வாசிப்பில் தன் பெயர் வருவது ஒன்றுதான் காதில் விழும். எந்த வகுப்பில் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் பாராட்டும் வழக்கமும் இருந்தது. எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பேர் யார் என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது.

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய தோழியின் தாய் ஒருநாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, “உங்களுக்குத்தான் குழுவில் ஆட்களைத் தெரியுமே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன், பாதி இப்போது கொடுத்துவிட்டுப் பாதியை அடுத்த மாதம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா?” என்று கேட்டார். அது நன்கொடை, கொடுக்காமலே இருக்கலாம் என்று சொன்னேன். “அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை தினமும் வந்து கேட்கிறதே” என்றார். கடிதம் எழுதியவர்கள் எவ்வளவு கவனமாகச் சொற்களைத் தேர்ந்திருந்தாலும், அந்தப் பெண்மணியிடம் பணத்தைக் கேட்டது கடிதம் இல்லை, அவருடைய பிள்ளைதான். பொருளாளர் பொறுப்பை ஏற்கச் சொல்லிக் கேட்டபோது நான் தயங்காமல் ஒப்புக்கொண்டதற்கு இந்த உரையாடலும் ஒரு காரணம்.

இங்கிலாந்தின் சட்டம் ஒன்று இந்த இடத்தில் எனக்குப் பெரிதும் பயன்பட்டது. அங்கே 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் பெற்றோரிடம் விருப்ப நன்கொடை கேட்பதை அனுமதிக்கிறது; ஆனால் அதன் 460ஆவது பிரிவு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. கொடுக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை என்பது அந்த வேண்டுகோளிலேயே தெளிவாக இருக்க வேண்டும். பெற்றோர் கொடுத்தார்களா இல்லையா என்பதை வைத்து மாணவர்கள் வேறுபாடாக நடத்தப்பட மாட்டார்கள் என்பதும் அதே வேண்டுகோளில் தெளிவாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையைப் பெரும்பாலான பள்ளிகள் எங்கும் ஏதோ ஒரு வகையில் எழுதிவிடுகின்றன. இரண்டாவதுதான் விடுபட்டுப் போகிறது, பெற்றோரின் அச்சம் முழுவதும் குடியிருப்பதும் அந்த இரண்டாவதில்தான். தொகையைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. பிள்ளையை ஆசிரியர் எப்படிப் பார்ப்பார், சுற்றுலாவில் விட்டுவிடுவார்களோ, ஆண்டுவிழாவில் பின்வரிசையில் நிறுத்துவார்களோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் இதைக் கேட்கிறதா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த இரண்டு வாக்கியங்களைக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடையாக இருக்காது.

குழுவின் கூட்டத்தில் நான் வைத்த முதல் கோரிக்கை கடிதத்தைப் பற்றியதன்று, உறைகளைப் பற்றியது. பிள்ளைகள் கையில் பணமோ உறையோ படிவமோ எதுவும் போகக் கூடாது. ஆசிரியர்கள் வசூலிலிருந்து முற்றாக விலக வேண்டும். பணம் நேரடியாகக் குழுவின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ரொக்கமாகவே கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் ஒரே ஒரு பணியாளரிடம் கொடுத்து ரசீது பெற வேண்டும். அந்தப் பணியாளரையும் பொருளாளரையும் தவிர வேறு எவரும், தலைமையாசிரியர் உட்பட, பெயர்களைப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் கடும் எதிர்ப்பு எழுந்தது. தாராளமாகக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். நன்றிக் கடிதத்தைக் குழு அனுப்பும், உங்கள் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவருக்கு அது முழுமையாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டாம் கூட்டத்தில் அவரே ஒரு காரணம் சொல்லி ஒப்புக்கொண்டார்: பட்டியலைப் பார்த்திருந்தால், நன்கொடை கொடுத்த ஒருவரின் பிள்ளைக்குத் தண்டனை தராமல் விட்டபோதும், கொடுக்காத ஒருவரின் பிள்ளைக்குத் தண்டனை தந்தபோதும், அவரால் தன் நியாயத்தைத் தானே நம்ப முடியாமல் போகும் என்றார். பட்டியல் தெரியாமல் இருப்பது தலைமையாசிரியருக்கும் ஒரு பாதுகாப்பு என்பதை நான் யோசித்திருக்கவில்லை; அவர்தான் எனக்குச் சொன்னார்.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை எதிர்ப்பே இல்லை. வசூல் வேலையிலிருந்து விடுபட்டதில் அவர்கள் அடைந்த நிம்மதியைப் பார்த்தபோது, இவ்வளவு காலம் இதை அவர்கள் தலையில் ஏன் கட்டியிருந்தோம் என்றுதான் தோன்றியது.

கடிதத்தைத் திருத்துவது அதற்குப் பிறகு எளிதாக இருந்தது. கட்டங்களுக்குள் அடங்கிய ஒரே தொகையை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, எந்தச் செலவுக்காகக் கேட்கிறோம், அந்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதி, அதைவிடக் குறைவாகவும் கொடுக்கலாம், கூடுதலாகவும் கொடுக்கலாம், எதுவும் கொடுக்காமலும் இருக்கலாம் என்று அதே பத்தியில், அதே அளவு எழுத்தில் சேர்த்தோம். கொடுக்க இயலாதவர்கள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்ற வரியைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. ‘என்னால் இயலாது’ என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்வது மரியாதையான ஏற்பாடு என்று குழுவில் சிலர் நினைத்தார்கள். நான் அதற்கு இணங்கவில்லை, ஏனென்றால் அந்தக் குறியும் ஒரு பட்டியல்தான். கொடுக்காதவர்களின் பட்டியலை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குவதில் மரியாதை எதுவும் இல்லை. மௌனமாக இருந்துவிட்டால் போதும், அதன் பிறகு எந்த நினைவூட்டலும் வராது என்பதே முடிவாயிற்று. எல்லோருக்கும் பொதுவாக, கொடுத்தவர் கொடுக்காதவர் என்ற வேறுபாடின்றி, ஒரே ஒருமுறை மறு அறிவிப்பு அனுப்பிக்கொள்ளலாம் என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம்.

முதல் ஆண்டில் மொத்தத் தொகை குறைந்தது. குறைவு சிறிதுதான் என்றாலும், நான் சொன்னேனே பார்த்தீர்களா என்று சொல்வதற்குக் குழுவில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் முன்பிருந்த அளவுக்குத் திரும்பியது; ஆனால் அதன் உள்ளமைப்பு மாறியிருந்தது. குறிப்பிட்ட தொகையை அச்சத்தால் முழுதாகக் கட்டியவர்கள் குறைந்து, சிறிய தொகையை மாதந்தோறும் வங்கி வழியே தாமாக அனுப்புபவர்கள் கூடியிருந்தார்கள். கணக்கு வைத்திருப்பவருக்கு இதன் அருமை தெரியும்: ஆண்டின் தொடக்கத்தில் மொத்தமாக வந்து மறையும் பணத்தைவிட மாதந்தோறும் கொஞ்சமாக வரும் பணத்தை நம்பித் திட்டமிடுவது எளிது.

சுற்றுலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விருப்ப நன்கொடை என்ற சொல் அதிகமாகச் சோதனைக்கு உள்ளாகும் இடம் அதுதான். பாடத்தின் பகுதியாக, பள்ளி நேரத்தில், ஓர் அருங்காட்சியகத்துக்கு வகுப்பு முழுவதையும் அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பணம் வேண்டும். இங்கிலாந்தில் பின்பற்றப்படும் நடைமுறை எனக்கு நியாயமாகப் படுகிறது: போதிய நன்கொடை சேராவிட்டால் பயணத்தை ரத்துசெய்யும் உரிமை பள்ளிக்கு உண்டு, ஆனால் அப்படி நேரலாம் என்பதைத் தொடக்கத்திலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும், பயணம் நடந்தால், பணம் கொடுக்காத பெற்றோரின் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. போனால் எல்லாரும் போவது, இல்லையென்றால் யாரும் போகாதது. இது கடுமையான விதிதான், கொடுத்தவர்களுக்கு எரிச்சலை உண்டாக்கும் விதியும்கூட. ஒரு பயணத்தை நாங்கள் உண்மையிலேயே ரத்துசெய்ய நேர்ந்தது. கொடுத்தவர்களுக்குப் பணத்தை உடனே திருப்பினோம், சிலர் கோபப்பட்டார்கள், யார் கொடுக்காததால் இது நின்றது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லும் நிலையில் இருந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் சொல்லவில்லை. அடுத்த முறை முன்கூட்டியே ஒரு சிறு சேமநிதியை ஒதுக்கி, பற்றாக்குறையை அதிலிருந்து நிரப்பினோம். அந்த நிதிக்கான பணம் பழைய புத்தகக் கண்காட்சியிலிருந்து வந்தது, எந்தப் பெற்றோரின் நன்கொடைக்கும் மேல் சுமை ஏற்றி எடுக்கப்பட்டதில்லை.

கட்டணத்தையும் நன்கொடையையும் ஒரே சீட்டில் கூட்டி அனுப்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. நான் பார்த்தவற்றில் மோசமானது அதுதான். பாடப்புத்தகம், அடையாள அட்டை, இசை வகுப்பு, காப்பீடு, ‘வளர்ச்சி நிதி’ என்று ஐந்தாறு வரிகள். கீழே ஒரே கூட்டுத் தொகை. இவற்றில் எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துக் காட்டியிருக்காது. பெற்றோர் செய்ய வேண்டியது எளியது: எந்த வரி கட்டணம், எந்த வரி நன்கொடை என்று எழுத்தில் பிரித்துத் தரும்படி மின்னஞ்சல் அனுப்புவது. பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்கே கூட்டுத் தொகை சுருங்கிவிடும். விருப்பப் பாடமாகக் கற்கும் தனி இசைப் பயிற்சிக்கும், இரவு தங்கும் முகாமுக்கும் கட்டணம் வாங்குவது நேர்மையானதே. கட்டணத்தைக் கட்டணம் என்று சொல்லி வாங்கட்டும். வரிச் சலுகைக்கான விதிகளும் இதைச் சோதித்துப் பார்க்க உதவும். நியூசிலாந்தில் பள்ளிக்குத் தரும் நன்கொடையில் மூன்றில் ஒரு பங்கை வரித்துறையிடமிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் பிள்ளைக்கு நேரடிப் பயன் தரும் செலவுக்குக் கொடுத்த பணம் அதில் சேராது. ஆகவே நன்கொடை ரசீது தரப் பள்ளி தயங்கினால், அந்தப் பணம் என்னவென்று பள்ளிக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சேர்க்கையின்போது கேட்கப்படும் பணம் வேறு வகை. பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் பெற்றோரிடம் கேட்கும் எதுவும் விருப்பத்துக்கு உட்பட்டதாக இருக்க முடியாது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதில் சுற்றிவளைக்கவில்லை: பள்ளி முறையாக அறிவித்த கட்டணத்தைத் தவிர்த்து, நன்கொடை என்றோ பங்களிப்பு என்றோ எந்தப் பெயரில் வாங்கினாலும் அதற்குத் தலைவரிக் கட்டணம் (ஆங்கிலத்தில் ‘கேப்பிடேஷன் ஃபீ’) என்ற ஒரே பெயரைத்தான் அது வைத்திருக்கிறது. சேர்க்கையின்போது அதை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்குவரை அபராதம் விதிக்க 13ஆவது பிரிவு இடம் தருகிறது. அயர்லாந்திலும் 2018ஆம் ஆண்டின் பள்ளிச் சேர்க்கைச் சட்டம் சேர்க்கைக்கு நிபந்தனையாகப் பணம் கேட்பதைத் தடைசெய்கிறது. சேர்க்கைக் காலத்தில் எவராவது ‘விருப்பம்’ என்று சொல்லிப் பணம் கேட்டால், இடம் உறுதியாகிவிட்டது என்று எழுத்தில் வாங்கிய பிறகு அதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லலாம். உண்மையான நன்கொடை வேண்டுகோள் அந்தக் காத்திருப்பைத் தாங்கும்.

ஏழைகளுக்கு விலக்கு தருகிறோமே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. குழுவிலும் கேட்டார்கள். விண்ணப்பித்தால் தள்ளுபடி, வருமானச் சான்று இணைக்கவும் என்பது அதன் நடைமுறை வடிவம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 1984இல் ஹார்ட்செல் வழக்கில், நாடகம், இசை, விளையாட்டு போன்றவற்றுக்கும் பள்ளி கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது, வசதியற்றவர்களுக்கு விலக்கு அளிப்பதால் அந்தக் கட்டணம் சரியாகிவிடாது என்றும் சொன்னது. 2012இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டமும் அதையே உறுதிசெய்தது. தன் இல்லாமையை நிரூபித்துத்தான் பிள்ளையைப் பாட அனுப்ப வேண்டும் என்றால், பலர் நிரூபிக்க வரமாட்டார்கள். பிள்ளைக்குப் பாட்டில் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்ன ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

பெற்றோராக இருந்து கொடுக்க மறுப்பவர்களுக்கு என் யோசனை சுருக்கமானது. விளக்கம் சொல்லாதீர்கள். கடன், மருத்துவச் செலவு, வேலையிழப்பு என்று காரணங்களை அடுக்கினால், காரணத்தை எடைபோடும் அதிகாரத்தை நீங்களே பள்ளிக்குக் கொடுத்தவர்களாகிறீர்கள். யாராவது நேரில் கேட்டால், “இந்த ஆண்டு எங்களால் பங்கேற்க இயலவில்லை” என்ற ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேலும் வற்புறுத்தினால், கொடுக்காவிட்டால் பிள்ளை எதையாவது இழக்குமா என்று ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். இழக்காது என்ற பதில் எழுத்தில் கிடைத்துவிடும், அந்தப் பதில் பின்னால் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பேச்சு பெரியவர்களுக்கு இடையில் நடக்கட்டும். நாம் கொடுக்கப்போவதில்லை, அதனால் உனக்கு ஒன்றும் நேராது, யாராவது உன்னிடம் கேட்டால் அம்மா அப்பாவிடம் கேளுங்கள் என்று சொல் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

கொடுக்கக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டியது இதைவிடக் கூடுதலாக இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பு சென்ற ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மிச்சம் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் தர முடியாத குழுவுக்குக் கொடுக்க அவசரம் வேண்டாம். பெரிய தொகை கொடுப்பவர்களில் சிலர் அதை எந்த வகுப்புக்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள், அது எப்போதும் அவர்கள் பிள்ளை படிக்கும் வகுப்பாக இருக்கும் என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒரு பெற்றோர் தன் மகனுடைய வகுப்பறைக்கு மட்டும் புதிய திரையும் ஒலிபெருக்கியும் வாங்கித் தர முன்வந்தார். வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. பொதுநிதிக்குத் தாருங்கள், எந்த வகுப்புக்கு முதலில் தேவை என்பதை ஆசிரியர்கள் முடிவுசெய்யட்டும் என்றோம். அவர் பணத்தைத் தரவில்லை. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வதும் பொருளாளர் வேலையில் அடங்கும் என்று நினைக்கிறேன். பணத்துக்குப் பதிலாக நேரத்தைத் தருவதாகச் சொன்னவர்களை நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம், ஆனால் நன்கொடைக்கு மாற்றாக உழைப்பைக் கேட்கவில்லை. பணம் இல்லாதவர் நூலகத்தைத் துடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு பட்டியலைவிடக் கேவலமானது.

எந்தப் பெற்றோர் குழுவாலும் தீர்க்க முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. வசதியுள்ள குடும்பங்கள் வாழும் பகுதியில் இருக்கும் பள்ளி கேட்டால் பணம் குவிகிறது. அதே பாடத்திட்டம், அதே எண்ணிக்கையில் பிள்ளைகள் உள்ள மற்றொரு பள்ளி கேட்டாலும் வராது, கேட்கவே அதற்கு மனம் வராது. நாங்கள் எவ்வளவு நேர்மையாக வசூலித்தாலும் அந்த இடைவெளியை அகலப்படுத்தத்தான் செய்கிறோம். நியூசிலாந்து 2020இல் ஒரு வழியை முயன்றது: சமூகப் பொருளாதார நிலையில் மேல்தட்டில் இருந்த பள்ளிகளைத் தவிர்த்து, ஒன்றிலிருந்து ஏழுவரையிலான தரநிலைகளில் இருந்த பள்ளிகள், பெற்றோரிடம் நன்கொடை கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 150 நியூசிலாந்து டாலரை அரசே கொடுத்தது. இரவு தங்கும் முகாம்களுக்கு மட்டும் பெற்றோரிடம் கேட்க அனுமதி இருந்தது. பள்ளிக்குத் தேவையான பணத்தை மறுக்காமல், கேட்கும் அவசியத்தை மட்டும் எடுத்துவிடும் இந்த அணுகுமுறைதான் நான் அறிந்தவற்றில் பிரச்சினையின் வேரைத் தொட்டது. நாங்கள் செய்தவை எல்லாம் கேட்கும் முறையைத் திருத்தியவை மட்டுமே. குழுவின் கூட்டங்களில் இதைச் சொல்லும்போதெல்லாம், அது அரசின் வேலை, நம் வேலை இல்லை என்று பேச்சு முடிந்துவிடும். பெற்றோர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கேட்காவிட்டால் அரசு அந்த வேலையைத் தானாகச் செய்யும் என்று நான் நம்பவில்லை.

பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது கடைசியாக எழுந்த கேள்வி, பழைய பெயர்ப் பட்டியல்களை என்ன செய்வது என்பது. ரசீதின் அடிக்கட்டைகளும் வங்கி அறிக்கைகளும் தணிக்கைக்குத் தேவை. சட்டம் கேட்கும் காலம்வரை அவை பூட்டிய பெட்டியில் இருக்கலாம். ஆனால் வகுப்புவாரியாக, பிள்ளையின் பெயருக்கு நேராகத் தொகை எழுதிய எக்செல் கோப்புகள் எந்தத் தணிக்கையாளருக்கும் வேண்டியிருக்கவில்லை. புதிய பொருளாளர் அவற்றைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும் என்று கேட்டார். மொத்தத் தொகையையும் கொடுத்தவர்களின் எண்ணிக்கையையும் மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் முன்னிலையிலேயே அந்தக் கோப்புகளை அழித்தேன். பள்ளிக் கணினியில் இருந்த நகலையும், பழைய மின்னஞ்சல்களில் இணைப்பாகக் கிடந்தவற்றையும் தேடி அழிக்க வேண்டும் என்று ஒப்படைப்புக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தோம். அலுவலகப் பணியாளர் அதைச் செய்து முடித்துக் கையெழுத்திட்டார்.